கூவாத குயிலுக்கு ஒரு சாட்சி

அந்த அக்காவிடம் யாரும் சும்மா ‘குட் மார்னிங்’ சொல்லிவிட முடியாது. குட்டா இல்லையா என்று வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். எனக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, வேண்டாவெறுப்பாக நடக்கத் தொடங்கிய முதல் நாளே அவரிடம் மாட்டினேன். முகத்தைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரர் மாதிரி இருந்ததால், “இன்னைக்கு வெதர் நல்லாருக்குல்லீங்க?” என்று கேட்டுவைத்தேன்.

“இல்ல தம்பி. நேத்து நல்லாருந்துது” என்றார்.

அதற்கு மேல் அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோவது? நான் டாக்டர் சொன்னதைவிட வேகமாக நடந்தேன்.

தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசாங்கக் குடியிருப்புக்குப் பின்னால், கழிவுநீர் ஓடும் நாலாவை ஒட்டி நீளவாக்கில் கொஞ்சம் மரங்கள் உண்டு. வேம்பு, நாவல், யாரும் நடாமல் தானே வளர்ந்த சீமைக் கருவேலம், நடுவில் பெரிய அரசமரம் ஒன்று. அதைக் காடு என்று சொன்னால் காடு கோபித்துக்கொள்ளும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைக் ‘காலி இடம்’ என்பார். அக்கா அதற்குப் பெயரே வைக்கவில்லை. ‘அங்கன’ என்பார். அங்கன போனேன், அங்கன வந்திருக்கு, அங்கன சத்தம் கொறைஞ்சிட்டு. தில்லியில் வேறு இடமே இல்லாத மாதிரி.

ஞாயிறு காலைகளில் அங்கே ஒரு பறவைக் குழு கூடும். பறவை பார்க்க வந்தவர்களைவிடக் கேமரா காட்ட வந்தவர்கள் அதிகம். ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் வைத்திருந்த லென்ஸைப் பார்த்தால் எதிரி நாட்டுக்கே கிலி பிடிக்கும். ஒரு நாள் அவர், ஆறுமணிக்குருவியைப் படம் பிடித்துவிட்டேன் என்று குதித்துக்கொண்டு வந்தார். தில்லிக்கு எப்போதாவது வழி தவறி வரும் வண்ணக் குருவி அது. எல்லோரும் கை கொடுத்தோம். ஜிலேபி வாங்க ஆள் போயாயிற்று. அக்கா கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கிளையில் மாட்டியிருந்த சிப்ஸ் பாக்கெட் அது. மசாலா வகை.

குழுவில் எவர் எந்தப் பறவையைச் சொன்னாலும் அக்கா அதே கேள்வியைத்தான் கேட்பார். “கேட்டியளா, பாத்தியளா?” இரண்டும் இல்லாமல், “இங்க இருக்கணுமே மேடம்” என்று எவராவது இழுத்தால், “இருக்கணும்ங்கது ஒங்க ஆசை. அத ஏன் குருவி தலையில கட்டுதிய?” என்பார். இப்போது கைபேசியிலேயே செயலி வந்துவிட்டது. குருவிச் சத்தத்தைக் கேட்டு அதுவே பெயர் சொல்லும். நான் ஒருமுறை பெருமையாக அதை நீட்டினேன். “அதுக்குக் கேட்டுது, சரி. ஒங்களுக்குக் கேட்டுதா?” என்றார். எனக்குக் கேட்கவில்லை. குழுவின் பட்டியலில் என் பெயரில் ஏறவிருந்த பறவை போயிற்று.

இந்த வியாதி பறவையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தபோது ஸ்வீட் கொடுக்கப் போனேன். ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு, “ஒங்களுக்கு மேல இருந்தவரு ரிட்டயர் ஆயிட்டாருல்லா, அதான்” என்றார். வாழ்த்துத்தான் அது. எங்கள் தமிழ்ச் சங்கத்து மாதக் காலண்டரில் அக்டோபர் பக்கத்தில் மயில்மேல் முருகன், பின்னால் தோகை விரிந்து நிற்கிறது. சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து, “ஐப்பசியில மயிலுக்குத் தோகை ஏது? எல்லாம் உதுந்துல்லா கெடக்கும்” என்றார். தலைவர் பக்திமான். முருகன் மயில் உதிர்க்காது என்றார். “அப்ப அது மயில் இல்ல” என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார். அடுத்த வருடம் காலண்டரில் பிள்ளையார் வந்தார். பாதுகாப்பான முடிவு.

ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பார்கள். அவர் குறிப்பு எழுதிய கோப்பைத் திறக்க மேலதிகாரிகள் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவார்களாம். அவருடைய கணவரைச் சில முறை பார்த்திருக்கிறேன். புன்னகைப்பார். பேசிக் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து திருத்தப்பட்ட மனிதர், பாவம், வேறென்ன செய்வார்?

எனக்கு அக்காவைப் பிடிக்கும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தோன்றும்.

விவகாரம் பார்க்கிங்கில் ஆரம்பித்தது. தில்லிக்காரன் சொத்தை விட்டுக்கொடுப்பான், பார்க்கிங்கை விட்டுக்கொடுக்க மாட்டான். அந்தக் ‘காலி இடத்தில்’ அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் கட்டலாம் என்று செயலாளர் மேலே எழுதிப் போட்டார். மேலே என்றால் எந்தத் துறை என்பது வேண்டாம், எல்லாத் துறைக்கும் அதே நாற்காலிதான். மரம் வெட்டும் முன் ஓர் அதிகாரி நேரில் வந்து, அங்கே காப்பாற்றும்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மே மாதம் வருவதாகத் தேதி கொடுத்தார்கள்.

மே மாதம். அந்த இடத்தை மே மாதத்தில் கேட்டிருக்க வேண்டும். விடியும் முன்பே குயில் ஆரம்பித்துவிடும். அது ஓய்ந்தால், இந்திக்காரர்கள் பப்பீஹா என்கிற இன்னொரு குயில் வகை, படிப்படியாகக் குரலை ஏற்றிக்கொண்டே போய், இதற்கு மேல் போனால் தொண்டை கிழியும் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். குக்குறுவான் பித்தளைப் பாத்திரம் தட்டுகிற மாதிரி நாள் முழுக்க டுக் டுக். வேப்பமர உச்சியில் குண்டுக்கரிச்சான் சீட்டியடிக்கும். செவிடன்கூட அந்த இடத்தை வெட்டக் கையெழுத்துப் போட மாட்டான். அதிகாரி வருவார், நின்று கேட்பார், காப்பாற்றப்பட்டோம் என்று குழுவில் எல்லோரும் கொண்டாடினோம்.

அக்கா அந்தத் தேதியை ரத்துசெய்ய வைத்தார்.

கேட்டதும் செருப்பை மாட்டினேன். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“அக்கா, நெஜமாவா?”

“ஆமா. கூடு கட்டி, குஞ்சு பொரிச்சிருக்க நேரம். பத்து பேரு டேப்ப வச்சிக்கிட்டு மரம் மரமா அளந்தா தாய்க்குருவி கூட்ட விட்டுட்டுப் போயிரும். மழை முடிஞ்ச பொறவு வாங்கன்னு சொல்லிட்டேன்.”

“மழை முடிஞ்சா ஒண்ணும் கூவாதேக்கா.”

“கூவாது.”

“அப்ப அவர் வந்து என்னத்தக் கேப்பாரு?”

“ஒண்ணும் கேக்காது. அதுக்காவ குஞ்ச சாவடிக்கவா?”

பறவைகளைக் காப்பாற்றுவதற்காக, பறவைகளைக் காட்டக்கூடிய ஒரே மாதத்தை விட்டுக்கொடுப்பவர் பறவை பார்ப்பவரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? தள்ளிப்போடச் சொன்னால் மறுத்த வரலாறே இல்லாத அந்தத் துறை, மகிழ்ச்சியோடு செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டது.

அந்த வருட மழைக்காலத்தை நான் மறக்க மாட்டேன். அக்கா ஒரு நாள் விடாமல் போனார். துணைக்கு நானும் போனேன். முதலில் பப்பீஹா நின்றது. பிறகு குண்டுக்கரிச்சான் சீட்டியை மறந்து, வேலியில் உட்கார்ந்து வாலை மட்டும் ஆட்டியது. ஆண் தேன்சிட்டு ஊதா மினுமினுப்பை உதிர்த்துவிட்டு, மாப்பிள்ளைக் கோட்டை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்தவன் போல மங்கிப்போய்த் திரிந்தது. குயில் ஆகஸ்டில் எப்போதாவது பாதி கூவி நிறுத்தியது. ஒரு காலை அதுவும் இல்லை. அரசமரத்தடியில் அக்கா தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். நெடுநேரம் நின்றார். கடைசியில், “குயிலும் ஓஞ்சிட்டு” என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. அக்காவுக்கு வருத்தம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

செப்டம்பரில் அதிகாரி வந்தார். நான் சும்மா இருக்கவில்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் புதரில் ஒளித்துவைத்து, கைபேசியில் குயில் கூவலைத் தயாராக வைத்திருந்தேன். இதுபோன்ற தேசபக்தச் செயல்களில் எனக்குக் கூச்சம் கிடையாது. அக்கா வழக்கம்போல எல்லோருக்கும் முன்பே வந்து, புதரை நோட்டம் விட்டு, ஸ்பீக்கரை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

அதிகாரி ஏசி காரிலிருந்து இறங்க மனமில்லாமல் இறங்கினார். பக்கத்தில் செயலாளர் புத்தம் புது வெள்ளைச் சட்டையில். பேச்செல்லாம் இந்தியில்தான் நடந்தது.

“மேடம்ஜி, குயில் எங்கே?”

“மரத்துலதான் இருக்கு. கூவாது.”

“ஏன்?”

“கல்யாணம், குழந்தை, எல்லாம் முடிஞ்சாச்சு. அதுக்கப்புறம் எந்த ஆம்பளை பாடுறான்?”

அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். இலை அடர்ந்து கிடந்தது. காகம் இருந்தது, புறா இருந்தது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. “நிறைய வகை இருக்குன்னு கேள்விப்பட்டேன். இன்னைக்கு நீங்க என்ன கேட்டீங்க?” என்றார். ஒரு பொய். ஒரே ஒரு பொய் போதும். குழுவே அக்காவின் வாயைப் பார்த்தது.

“காகம், புறா, தவிட்டுக்குருவி” என்றார் அக்கா.

அதிகாரி எழுதிக்கொண்டார். குறிப்பிடும்படியான பறவைகள் இல்லை என்று அறிக்கை போயிற்று. தீபாவளி முடிந்ததும் வெட்டு என்று செயலாளர் குடியிருப்போர் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார், கூடவே கைகூப்பும் பொம்மை. விமானப்படைக்காரர் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். நானும் சில நாள் நடக்கும் வழியை மாற்றிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கூட்டமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அரசமரத்தடியில் கரிய, வழவழப்பான, முட்டை வடிவக் கல் ஒன்று நட்டுவைத்த மாதிரி நின்றது. சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். தலையில் சிறு குழி, அதில் இரவு பெய்த மழைத்தண்ணீர். எங்கள் குடியிருப்பின் பால்காரர் சாஷ்டாங்கமாக விழுந்தார். தானாக எழுந்த சிவன் என்று எவரோ சொன்னார்கள். நாலாவுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஜனம் வரத் தொடங்கியது. அந்தக் குழியில் ஒரு பெண்மணி பால் ஊற்றினார், பால் நின்றது, சிலிர்த்துப்போனார்கள். குழி இருந்தால் பால் நிற்காமல் என்ன செய்யும்?

கூட்டத்தில் இருந்த தமிழர்கள் எவரும் சிலிர்க்கவில்லை. அது ஆட்டுக்கல் குழவி. தலையில் இருந்த குழி, மரப்பிடி செருகுவதற்கு. இட்லிக்கு மாவாட்டின கல் அது என்று எங்களில் குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் பார்த்ததும் தெரியும். யார் வீட்டுக் குழவி என்றும் தெரியும். அக்கா வீட்டில் பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருப்பார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கலைந்தோம்.

“அக்கா, நீங்களா இப்படி?” என்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பால்கனிக் கதவு டமாரென்று அடித்தது.

“நான் என்னத்தச் சொன்னேன்? ஆயுத பூசைக்கு எல்லாரும் அம்மி ஆட்டுக்கல்லுக்குப் பொட்டு வைக்கோம்லா. வீட்டுல எடமில்ல, அங்கன வச்சிக் கும்புட்டேன். சாமின்னு நான் சொன்னேனா?”

“எடுத்துட்டு வரலியே?”

“மறந்துட்டேன்” என்று சொல்ல வந்தவர், வாயை மூடிக்கொண்டு, “எடுக்கல” என்று திருத்தினார்.

அப்புறம் நடந்ததைத் தில்லியில் வாழ்ந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. முதலில் தார்ப்பாய், பிறகு மணி, பிறகு உண்டியல். மரம் ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கயிறு. செயலாளர் காற்றடிக்கும் பக்கம் சாயத் தெரிந்தவர், கோயில் கமிட்டித் தலைவராகிவிட்டார். ஒரு குச்சி ஒடித்தால் கையை வெட்டுவேன் என்று அவரே சத்தம் போட்டதை இந்தக் காதால் கேட்டேன். விடியற்காலை பஜனைக்கு ஒலிபெருக்கி வந்தது, குயில் கூவ வேண்டிய திசையைப் பார்த்துக் கட்டினார்கள். அக்கா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மரம் நிற்கிறதே என்று இருந்தார்.

குளிர்காலத்தில் அதே அதிகாரி மறுபடி வந்தார். மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். பழைய கோயில் என்றால் தொட மாட்டார்கள். புதிதாக முளைத்தது என்றால் அகற்றிவிட்டு, மரத்தையும் வெட்டிக்கொண்டு போவார்கள். செயலாளர் பழையது என்று சத்தியம் செய்தார். அதிகாரி அவரை நம்புவதாக இல்லை. கூட்டத்தில் நின்ற அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“மேடம்ஜி, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்கே பாதகமான உண்மையைச் சொன்னவங்க நீங்க. இங்க தினமும் வர்றீங்க. இந்தக் கல் முன்னாலேருந்தே இங்க இருக்கா?”

பால்காரர், செயலாளர், தமிழ்க் குடும்பங்கள், விமானப்படைக்காரர், எல்லோரும் நின்றோம். அக்கா அரசமரத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. குளிரில் எது கூவும்?

“இருக்கு” என்றார்.

“ரொம்ப காலமாவா?”

“ரொம்ப காலமா.”

அதிகாரி எழுதிக்கொண்டார். கைகூப்பினார். போய்விட்டார்.

அன்று நான் அக்காவோடு வீடு வரை நடந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, “குழவி உங்க அம்மா காலத்துதுதானேக்கா? ரொம்ப காலமா இருக்குன்னு சொன்னதுல பொய் எங்க இருக்கு?” என்றேன்.

அக்கா நின்று என்னைப் பார்த்தார். “அந்தக் கல்லு அங்கன இருந்துதான்னு அவரு கேட்டாரு. நான் ஆமான்னேன். நீங்க ஏன் தம்பி அந்தப் பொய்க்குப் பொட்டு வச்சிப் பூ வைக்கிய?”

அன்று மாலை பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து அவர் வெளியேறிவிட்டதாகக் கைபேசி சொன்னது. நான் போன் செய்தேன். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றார். “குருவி பாக்கதுன்னா என்ன? நான் பாத்தேன்னு சொல்லுததை அடுத்தவன் நம்புதான், அவ்வளவுதானே. பொய் சொன்ன வாயி. இனிமே நான் ஒரு குருவியச் சொன்னா அது செல்லாது.” நான் எவ்வளவோ வாதாடினேன். ஒரு கல், ஒரு வார்த்தை, அத்தனை மரமும் நிற்கிறது, எவன் கேட்கப்போகிறான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சப்பாத்தி கருகுகிறது என்று வைத்துவிட்டார். கருகியிருக்கும். அதிலெல்லாம் பொய் சொல்ல மாட்டார்.

அதன்பின் அக்கா அங்கே வரவே இல்லை. குளிர் முடிந்து வேம்பு துளிர்த்தது. நாங்கள் ஞாயிறுதோறும் கூடினோம், ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டோம். இப்போது யார் எந்தப் பறவையைச் சொன்னாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். வகைகள் மளமளவென்று கூடின. ஆறுமணிக்குருவிகூட வந்துவிட்டது, படம் கேட்கக் கூடாது.

அந்த மார்ச்சில் ஒரு காலை, பஜனை உச்சத்தில் இருந்தபோது, வேறு ஏதோ விஷயமாக அக்காவுக்குப் போன் செய்தேன். ஊருக்கே திரும்பிப் போகப் போவதாகவும், மூட்டை கட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேச்சுக்கு நடுவே, அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, அந்த வருடத்தின் முதல் குயில் கூவியது. படிப்படியாக ஏறியது. அக்கா பேச்சை நிறுத்தினார். அது கூவி முடிக்கும் வரை கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

“அக்கா, குயில்தானே?”

“ஒங்களுக்குக் கேட்டுதுல்லா?”

“கேட்டுதுக்கா.”

“அப்ப ஒங்க பேருல போடுங்க. என்னயக் கேக்காதிய” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குழுவில் அது என் பெயரில்தான் இருக்கிறது. நிறைய வாழ்த்து வந்தது. நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.